ஆபிரிக்கப் பண்டிக் காய்ச்சல்: கொட்டிலுக்கை வராமல் மறிக்கிறது எப்பிடி, வந்தால் அடுத்த வளவுக்குப் போகாமல் மறிக்கிறது எப்பிடி

2024 ஒக்டோபரிலை ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கை வந்திட்டுது எண்டு உறுதியாகி, முழு நாட்டையும் நோய் அபாயமுள்ள பிரதேசம் எண்டு வர்த்தமானி போட்டு, பண்டி ஏத்திப் பறிக்கிறதுக்குத் தடை வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப மேல் மாகாணத்துப் பக்கம் பண்ணையளிலை பண்டி செத்துக் கொண்டிருக்க, இஞ்சை யாழ்ப்பாணத்திலை கன பேர் "அது தெற்கிலை தானே, எங்களுக்கென்ன" எண்டு இருந்தினம், கொஞ்ச நாள் போக இருந்த பயமும் போட்டுது. ஆனா இந்த வைரஸ் ஒரு நாட்டுக்கை கால் வைச்சால் லேசிலை வெளிக்கிடாது. 1921இலை கென்யாவிலை தான் இதை முதல் எழுதி வைச்சது, 2007இலை ஜோர்ஜியாவுக்கு வந்தது, 2018இலை சீனா, 2020இலை அசாம், பிறகு நாங்கள். ஜோர்ஜியாவுக்கு வந்தது கப்பலிலையிருந்து இறக்கின மிச்சச் சாப்பாட்டைப் பண்டிக்குப் போட்டதாலை எண்டு தான் நம்பினம். காத்திலை மைல் கணக்கிலை பறந்து வாற நோய் இல்லை இது. வாளியிலை வரும், செருப்பிலை வரும், லொறியிலை வரும், இறைச்சிப் பையிலை வரும், எல்லாத்தையும் விட மோசமா, "வருத்தம் போல கிடக்கு, கெதியா வித்துப் போடுவம்" எண்டு நினைக்கிற மனுசன்ர அவசரத்திலை வரும். அதாலை மறிக்கிறதும் எங்கட கையிலை தான் இருக்கு.

முதல் ஒண்டைத் தெளிவா சொல்லிப் போட்டு மிச்சத்துக்குப் போறன். இது மனுசருக்குத் தொத்தாது. 2009இலை சனம் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிஞ்ச, அதையும் பன்றிக் காய்ச்சல் எண்டு தான் சொன்னவை, அந்த எச்1என்1 வேறை, இது வேறை. பண்டியைத் தொட்டாலோ வடிவா அவிச்ச இறைச்சியைத் திண்டாலோ எங்களுக்கு ஒண்டும் நடக்காது. ஆனா பண்டிக்கு வந்தால் மருந்து இல்லை, இது வைரஸ், அன்டிபயோட்டிக் ஊசி ஒண்டும் இதைத் தொடாது. வியட்நாமிலை தடுப்பூசி ஒண்டு பாவனைக்கு வந்திருக்கு, அது இஞ்சை கடையிலை வாங்கிப் போடுற சாமான் இல்லை, அதாலை ஆராவது ஒரு குப்பியைக் கொண்டு வந்து "இது அதுக்குரிய ஊசி அண்ணை" எண்டால் படலையிலையே வைச்சுத் திருப்பி அனுப்புங்கோ. மற்றப் பழைய பண்டிக் காய்ச்சல் ஒண்டு இருக்கு, அதுக்குத் தடுப்பூசி இருக்கு, அந்த ஊசி இந்தக் காய்ச்சலுக்குக் கேக்காது. மஞ்சள் வேப்பிலை கரைச்சுத் தெளிக்கிறதாலை பாதகம் ஒண்டும் இல்லை, பலனும் இல்லை.

வருத்தத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது

பண்டியின்ர சாதாரண உடம்புச் சூடு 39 பாகை அளவிலை நிக்கும். இந்த வருத்தத்திலை 40.5இலையிருந்து 42 மட்டும் ஏறும். மருந்துக் கடையிலை விக்கிற சின்ன டிஜிற்றல் தேர்மோமீற்றர் ஒண்டை வாங்கி நூல் கட்டிக் கொட்டிலிலை வையுங்கோ (நூல் கட்டாட்டி உள்ளுக்கை போயிடும், பேந்து தேடேலாது), ஒரு பண்டி சாப்பாட்டுக்கு எழும்பாட்டி உடனை சூடு பாருங்கோ. காய்ச்சலோடை சாப்பிடாமை ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறிக் குவிஞ்சு படுத்துக் கிடக்கும், எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடும், காது நுனி, வயித்தடி, வால், தொடைப்பக்கம் சிவந்து பிறகு ஊதா நிறமா போகும், சிலதுக்குச் சத்தி, சிலதுக்கு ரத்தத்தோடை வயித்தாலை போகும், மூக்கிலை ரத்த நுரை வரும், சினைப் பண்டி குட்டியைப் போட்டிடும். கறுத்தப் பண்டி எண்டால் தோல் நிறம் வடிவா தெரியாது, காதின்ர உள்பக்கத்தையும் வயித்தையும் ரோச் அடிச்சுப் பாருங்கோ. சில பண்டி ஒரு குறியும் காட்டாமல் விடிய செத்துக் கிடக்கும். தொத்தி 4 நாளிலையிருந்து 19 நாளுக்குள்ளை குறி தெரிய வரும், குறி தெரியிறதுக்கு ஒண்டு ரெண்டு நாள் முந்தியே வைரஸ் வெளியிலை வரத் தொடங்கியிடும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். கன பேர் நினைக்கிறது, இப்பிடிப் பெரிய வருத்தம் எண்டால் ஒரே ராவிலை கொட்டிலே விழுந்திடும் எண்டு. அப்பிடி இல்லை. தொடக்கத்திலை இது மெதுவாத் தான் பரவும். முதல் ஒண்டு சாகும், ரெண்டு மூண்டு நாள் ஒண்டும் இல்லை, பிறகு பக்கத்திலை படுத்த ஒண்டு. அந்த இடைவெளியிலை தான் ஆக்கள் ஏமாறினம். "சாப்பாடு ஒத்து வரேல்லைப் போல", "பாம்பு கடிச்சிருக்கும்", "வெயிலுக்கு அடிச்சுப் போட்டுது". அந்த இடைவெளியிலை தான் மிச்சத்தை வித்துத் தள்ளுறதும் நடக்குது, வாங்கினவன்ர கொட்டிலிலை கிழமைக்குள்ளை ரெண்டாவது கதை தொடங்கும். வைரஸ் கனக்க இருக்கிறது ரத்தத்திலை, அதாலை ஒரு பண்டி ரத்தம் சிந்திச் செத்து மற்றதுகள் அதை நக்கினால் பேந்து வேகம் பிடிச்சிடும், கடைசியிலை 100க்கு 100ம் போற நிலைமைக்கும் வரலாம். ஆகவே என்ர கணக்கிலை, காரணம் விளங்காமல் ஒரு வளந்த பண்டி செத்தால் அண்டைக்கே கால்நடை வைத்தியருக்குப் போன் போக வேணும், ரெண்டாவது சாகும் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாது.

கண்ணாலை பாத்து இது தான் எண்டு ஒருத்தராலையும் அடிச்சுச் சொல்லேலாது, டொக்டராலையும் ஏலாது. பழைய பண்டிக் காய்ச்சலும் இதே மாதிரித் தான் இருக்கும், தோலிலை சதுரம் சதுரமா சிவப்புத் திட்டு எழும்புற இன்னொரு நோய் இருக்கு, அது பென்சிலினுக்கு மாறும். ரத்த மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பித் தான் பாக்க வேணும், கன்னொறுவையிலை இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் தான் அதுக்குப் பெரிய இடம். தயவு செய்து செத்த பண்டியை நீங்களே வெட்டிப் பாக்காதேங்கோ. மண்ணீரல் கறுத்து வீங்கியிருக்கா எண்டு பாக்கிற ஆசையிலை வளவு முழுக்க ரத்தத்தைப் பரப்பிப் போட்டு பேந்து என்னத்தைக் கழுவுறது.

வாளி

எங்கட பக்கம் பண்டி வளக்கிற பெரும்பாலான ஆக்கள் தீனை முழுசாக் காசு குடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது, கடைக் கழிவு தான் கை குடுக்கிறது. பின்னேரம் சைக்கிள் ஹான்டிலிலை ரெண்டு பக்கமும் வாளி கொழுவி, இல்லாட்டி மோட்டச்சைக்கிளுக்குப் பின்னாலை பரல் கட்டி, சாப்பாட்டுக் கடையளிலை மிச்சம் எடுத்துக் கொண்டு வாறது, வந்து அதே வாளியோடை நேரா தொட்டியிலை கவிட்டு விடுறது. அந்த வாளிக்கை ஆரோ திண்டு மிச்சம் விட்ட பண்டிப் பொரியல், சொசேஜ் துண்டு, இறைச்சி கழுவின தண்ணி எல்லாம் கிடக்கும். வைரஸ் இறைச்சியிலை எவ்வளவு நாள் இருக்கும் எண்டால், பிறிட்ஜ்ஜிலை வைச்ச இறைச்சியிலை 3 மாதத்துக்கு மேலை, காய வைச்சதிலை வருஷத்துக்குக் கிட்ட, உறைய வைச்சதிலை வருஷக் கணக்கிலை. உப்புப் போட்டாலும் புகை போட்டாலும் உடனை சாகாது.

கழிவு போடுறதை முழுசா நிப்பாட்டினால் அதைப் போல நல்லது ஒண்டும் இல்லை. நிப்பாட்ட ஏலாத ஆக்களுக்கு என்ன வழி எண்டு சொல்லுறன். எங்கட ஊரிலை ஒரு வசதி இருக்கு, வேறை இடத்திலை இவ்வளவு லேசிலை கிடையாது, சைவக் கடையள். சைவக் கடையிலையும் கோயில் அன்னதான மடத்திலையும் எடுக்கிற மிச்சத்திலை பண்டியிறைச்சி வர வழி குறைவு. எடுக்கிறதெண்டால் அங்கை மட்டும் எடுங்கோ, ஹோட்டல், பார், சைனீஸ் சாப்பாட்டுக் கடைக் கழிவைத் தொடாதேங்கோ. சைவக் கடைக் கழிவும் அவிச்சுத் தான் போட வேணும், ஏனெண்டால் குப்பைத் தொட்டியிலை பக்கத்துக் கடைக்காரன் கொண்டு வந்து என்ன கொட்டினான் எண்டு ஆருக்குத் தெரியும்.

அவிக்கிறதெண்டால் சூடு காட்டுறது இல்லை. 90 பாகைச் சூட்டிலை ஒரு மணித்தியாலம், கிளறிக் கிளறி, இது தான் உலக விலங்கு சுகாதார அமைப்புச் சொல்லுற கணக்கு. அடுப்பிலை தேர்மோமீற்றர் வைச்சு நிக்கேலாது தானே, அதாலை கிடாரத்திலை தண்ணி சேத்து வைச்சு, நடுவிலையும் தளதளவெண்டு கொதி வந்த பிறகு நேரத்தைப் பாத்து ஒரு மணித்தியாலம் எரிக்கிறது. சோறு அடியிலை பிடிச்சுக் கட்டியாக் கிடந்தால் கட்டிக்கு நடுவிலை சூடு போகாது, பெரிய கட்டியளை முதலே உடைச்சுப் போட்டு அகப்பையாலை அடிவரை கிளற வேணும். விறகுக்குக் கொக்கரை, ஊமல், பொச்சு, பன்னாடை எண்டு வளவுக்கை கிடக்கிறதே காணும், காஸ் வைச்சு அவிச்சால் பண்டியை வித்தும் காஸ் கடன் கட்டேலாது.

அவிக்கிற ஆக்களும் பிழை விடுற இடம் வாளி. பச்சைக் கழிவு கொண்டு வந்த வாளியாலையே அவிச்சதை அள்ளி ஊத்துறது. அப்ப அவிச்சது எதுக்கு? பச்சைக்கு ஒரு நிற வாளி, அவிச்சதுக்கு வேறை நிற வாளி, பச்சை வாளி கொட்டில் வேலிக்கு உள்ளுக்கு வரவே கூடாது, அடுப்பு வேலிக்கு வெளியிலை இருந்தால் இன்னும் திறம். கழிவு எடுத்து வந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் போட்டுத் தான் அவிச்சதைத் தொடுறது. வீட்டுக் குசினிக் கழிவும் இதே சட்டம் தான். வெளிநாட்டிலையிருந்து வாற சித்தப்பா ஆசையாக் கொண்டு வாற சலாமியும், வன்னியிலையிருந்து சொந்தக்காரர் குடுத்து விடுற காட்டுப்பண்டி வத்தலும் நாங்கள் சாப்பிடலாம், ஆனா அதைக் கழுவின தண்ணியும் வெட்டி எறியிற துண்டும் பண்டித் தொட்டிக்குப் போகக் கூடாது. காட்டுப்பண்டிக்கும் இதே வருத்தம் வரும், ஐரோப்பாவிலை கன நாடுகளிலை காட்டுப்பண்டிக்கை இது ஓடிக் கொண்டிருக்கு.

கழிவுக்குப் பதிலா என்ன போடலாம் எண்டு கேட்டால் தவிடு, புண்ணாக்கு, அவிச்ச மரவள்ளிக் கிழங்கு, மரக்கறிச் சந்தையிலை கழிச்சு விடுற பூசணி, கோவா இலை, அவிச்ச மீன் கழிவு, இதுகளை மாறி மாறிக் குடுக்கலாம். மரவள்ளியைப் பச்சையாப் போடாதேங்கோ.

படலையும் செருப்பும்

கொட்டிலைச் சுத்தி வேலி இருக்க வேணும், கதியால் போட்டுத் தகரம் அடிச்சாலும் காணும், ஆனா நாய் நுழையக் கூடாது, பண்டி வெளியிலை போகக் கூடாது. பண்டியை அவிட்டு விட்டுக் குப்பை மேட்டிலை மேய விடுற பழக்கம் இருக்கிற இடங்களிலை வேறை எந்தப் பாதுகாப்பும் கணக்கிலை வராது. நாயும் காகமும் செத்த பண்டித் துண்டைத் தூக்கிக் கொண்டு ஊர் கடக்கும். கடிக்கிற மாட்டு இலையான் இருக்கே, அதுகும் ரத்தம் குடிச்ச வாயோடை ரெண்டு நாளுக்கு வைரஸைக் காவும், அதாலை சாணி, சேத்துத் தண்ணி தேங்க விடாதேங்கோ. மாரியிலை வெள்ளம் நிண்டால் ஒரு வளவின்ர அழுக்கு அடுத்த வளவுக்குத் தானே போகும், கொட்டில் நிலத்தை ஒக்டோபருக்கு முதலே உயத்திப் போடுறது புத்தி.

ஒரே ஒரு வாசல். அந்த வாசலடியிலை கொட்டிலுக்கெண்டே ஒரு சோடி கம்பூட்ஸ், ஒரு பழைய சேர்ட் சாறம். வீட்டுச் செருப்பைக் கழட்டி இந்தப் பக்கம் விட்டுப் போட்டு, அந்தப் பக்கம் காலை வைச்சு பூட்ஸைப் போடுறது, வெளிக்கிடேக்கை மறுபடி மாத்துறது. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனா இதைத் தான் ஒருத்தரும் செய்யினம் இல்லை. அதுக்குப் பதிலா வாசலிலை ஒரு சட்டியிலை டெற்றோல் தண்ணி வைச்சிருப்பினம், அது மூண்டு நாள் வெயிலிலை நிண்டு மண்ணும் சாணியும் விழுந்து கறுத்துப் போய்க் கிடக்கும், அதுக்கை காலை ஒருக்காத் தோய்ச்சுப் போட்டுப் போனால் சுத்தமாம். உண்மை என்னெண்டால் குளோரின் எண்டாலும் இந்த வைரஸைக் கொல்ல அரை மணித்தியாலம் ஊற வேணும், அதுகும் சாணி ஒட்டியிருந்தால் வேலை செய்யாது. கால் தோய்க்கிற சட்டி வைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை, வையுங்கோ, ஆனா பக்கத்திலை பிறஷ்ஷும் சவர்க்காரத் தண்ணியும் வைச்சு முதல் சாணியைத் தேய்ச்சுக் கழுவிப் போட்டுப் பிறகு தோய்க்க வேணும், தண்ணியை ஒவ்வொரு நாளும் மாத்த வேணும், நிழலிலை வைக்க வேணும். பூட்ஸ் மாத்துறது தான் முதல் பாதுகாப்பு, சட்டி ரெண்டாவது.

கலக்கிற அளவு: கிணத்துக்குப் போடுற குளோரின் தூள், அந்த 65 வீதமானது எண்டால் 10 லீற்றர் தண்ணிக்கு 80 கிராம். கடையிலை போத்திலிலை விக்கிற 5 வீதக் குளோரின் தண்ணி எண்டால் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணி. ரெண்டும் அரை வீதத்திலை வந்து நிக்கும். கொட்டில் சீமெந்துத் தரைக்குக் கோஸ்டிக் சோடாவும் நல்லம், 10 லீற்றருக்கு 200 கிராம், ஆனா அது தோலைத் தின்னும், கையுறை கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது, தண்ணிக்கை தான் சோடாவைப் போடுறது, சோடாவுக்கு மேலை தண்ணியை ஊத்துறது இல்லை. குளோரினையும் ரொயிலற் கழுவுற அசிட்டையும் ஒண்டாக் கலக்காதேங்கோ, அந்தப் புகை ஆளைச் சாய்க்கும்.

இனி ஆக்கள். நத்தார் கிட்ட வர பாசையூர், குருநகர், இளவாலைப் பக்கமெல்லாம் பண்டியிறைச்சிக்குக் கேள்வி கூடும், வாங்கிறவை ஓட்டோவிலையும் லான்ட்மாஸ்ரரிலையும் ஊர் ஊராத் திரிவினம். அவர் வந்தால் எப்பிடி நடக்கும் எண்டு பாருங்கோ. காலையிலை எங்கையோ ஒரு கொட்டிலிலை ஏறி இறங்கின அதே பாட்டாச் செருப்பு, நகத்துக்கை காஞ்ச ரத்தம், கையிலை ஒரு பூவரசந்தடி, அந்தத் தடியாலை உங்கட பண்டியின்ர முதுகிலை ரெண்டு குத்துக் குத்தி எழுப்பி, பின்தொடையைப் பிடிச்சுப் பாத்து, "இது 60 கிலோ தான் வரும் அண்ணை" எண்டு சொல்லிப் போட்டு, விலை சரிவராமல் அடுத்த வளவுக்குப் போவார். வியாபாரம் நடக்கேல்லை, ஆனா அந்தத் தடியும் செருப்பும் உங்கட கொட்டிலுக்கை வந்து போட்டுது. அதாலை வாங்க வாற ஆள் கொட்டிலுக்கை வரக் கூடாது, பண்டியை நீங்கள் வெளியிலை ஒரு கூட்டிலை கொண்டு வந்து காட்டுங்கோ, இல்லாட்டிப் போனிலை வீடியோ எடுத்துக் காட்டுங்கோ, தராசு போடுறதெண்டால் படலைக்கு வெளியிலை. வெளியிலை போன பண்டி விலை சரிவரேல்லை எண்டு திரும்ப உள்ளுக்கு வரக் கூடாது. கோவிச்சுக் கொள்ளுவினம் தான். கோவிக்கட்டும்.

கடுவன் இரவல் குடுத்து வாங்கிறது இன்னொரு பெரிய வாசல். ஊருக்கு ஒரு கடுவன், அது வீடு வீடாப் போய் வாறது. நோய் நடமாடுற காலத்திலை இதை நிப்பாட்ட வேணும், செயற்கை முறைச் சினைப்படுத்தல் ஏலுமெண்டால் டொக்டரிட்டைக் கேளுங்கோ, இல்லாட்டி ரெண்டு மூண்டு வீடு சேந்து தங்களுக்கை மட்டும் ஒரு கடுவனை வைச்சிருக்கலாம். காயடிக்க வாறவர், ஊசி போட வாறவர் கொண்டு வாற கத்தியும் ஊசியும் அதே மாதிரித் தான். பிளேட்டும் ஊசியும் உங்கட சொந்தமா வாங்கி வையுங்கோ, குட்டிக்கு இரும்புச் சத்து ஊசி போடேக்கையும் ஒரே ஊசியை எல்லாத்துக்கும் குத்தாதேங்கோ, ஒரு சொட்டு ரத்தமே காணும்.

புதுப் பண்டி வாங்கினால் 30 நாள் தனியா வேறை கொட்டிலிலை, வேறை வாளி, வேறை பூட்ஸ், அதுகளுக்குக் கடைசியாத் தீன் போடுறது. பழைய பண்டிக்குப் போட்டிட்டுப் புதுசுக்குப் போகலாம், புதுசைத் தொட்டிட்டுப் பழசுக்குப் போகேலாது. ஆரிட்டை வாங்கினது, எந்தத் திகதி, என்ன விலை எண்டு ஒரு சீ.ஆர். கொப்பியிலை எழுதி வையுங்கோ, நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் எங்கையிருந்து வந்தது, எங்கை போனது எண்டு பின் தொடர அந்தக் கொப்பி தான் உதவும். எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், குடாநாட்டுக்கை லொறி வாற பெரிய வழி ரெண்டு தான், ஆனையிறவும் சங்குப்பிட்டிப் பாலமும். தெற்கிலையிருந்து மலிவா வாற குட்டிக்கு நாங்களே ஆசைப்படாட்டி அந்த ரெண்டு வழியாலையும் பண்டி லொறி வந்து என்ன செய்யப் போகுது.

சந்தேகம் வந்திட்டுது, இப்ப என்ன செய்யிறது

எல்லாத்தையும் அப்பிடியே நிப்பாட்டுங்கோ. விக்கிறதில்லை, வெட்டிறதில்லை, வேறை வளவுக்கு மாத்திறதில்லை, சுகமாத் தெரியிற பண்டியையும் தான். இந்த நேரம் போன் வரும், "தம்பி, சாகிறதுக்கு முதல் தாருங்கோ, பாதி விலைக்கு எடுக்கிறன்" எண்டு. அந்தக் காசு கைக்கு வரேக்கை நல்லாத் தான் இருக்கும், ஆனா அந்த இறைச்சி எத்தனை குசினிக்குப் போய், எத்தனை குசினிக் கழிவு எத்தனை கொட்டிலுக்குப் போகும் எண்டு யோசியுங்கோ, உங்கட மச்சான்ர கொட்டிலும் அதுக்கை ஒண்டு. சட்டமும் இருக்கு, 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், நோயை அறிவிக்க வேணும் எண்டு.

உங்கட பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போன் பண்ணுங்கோ, நேரா ஓடிப் போகாதேங்கோ, உங்கட காலிலை தானே அது இருக்குது. டொக்டர் வரும் மட்டும் வீட்டு ஆக்களிலை ஒருத்தர் மட்டும் கொட்டிலுக்கை போறது, அவர் வேறை பண்டி இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. பாக்க வாற சனத்தைப் படலையிலையே மறியுங்கோ, செத்த வீடு போல கூடி நிண்டு கதைக்கிறது எங்கட பழக்கம், இஞ்சை அது தான் பரப்புறது. செத்த பண்டியை இழுக்காமல் இருந்த இடத்திலையே தறப்பாளாலை மூடி ஓரத்துக்குக் கல்லு வையுங்கோ, மூக்கு வாயாலை வந்த ரத்தத்துக்கு மேலை குளோரின் தண்ணியை ஊத்தி ஊற விடுங்கோ, நாயைக் கட்டுங்கோ. அயலிலை பண்டி வைச்சிருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஒளிக்கிறது வெக்கத்தாலை தான், ஆனா வருத்தம் வந்தது உங்கட குற்றம் எண்டு ஒருத்தரும் சொல்லப் போறதில்லை, ஒளிச்சு வைச்சுப் பரவினால் தான் சொல்லுவினம்.

உறுதியானால் மிச்சப் பண்டியையும் அழிக்கச் சொல்லலாம். அது கஷ்டமான விசயம், குட்டியிலையிருந்து வளத்ததைக் கண்ணுக்கு முன்னாலை கொல்லுறது ஆருக்கும் லேசில்லை. எண்ணிக்கை, வயது, நிறை எல்லாம் டொக்டருக்கு முன்னாலை எழுதி ஒரு பிரதி எடுத்து வையுங்கோ, நட்டஈடு கேக்கிறதுக்கும் காப்புறுதிக்கும் கடிதம் வேணும். இரண்டொண்டு தப்பிப் பிழைச்சால் "இது பலமான பண்டி, இனத்துக்கு வைப்பம்" எண்டு நினைக்காதேங்கோ, தப்பினதுக்குள்ளையும் வைரஸ் மாதக் கணக்கிலை ஒளிச்சிருக்கும்.

செத்த பண்டியைத் தாக்கிறதிலை (புதைக்கிறதிலை) தான் யாழ்ப்பாணத்துக்கெண்டு ஒரு தனிப் பிரச்சினை. புத்தகத்திலை ரெண்டு மீற்றர் ஆழம் வெட்டித் தாளுங்கோ எண்டு இருக்கும். எங்கட நிலம் சுண்ணாம்புக் கல்லு, கன இடத்திலை மூண்டு அடி வெட்ட அலவாங்கு கல்லிலை மோதும், கல்லுக்கை வெடிப்பும் குகையும், மாரியிலை தண்ணி மட்டம் மேலை வந்து நிக்கும், வளவுக்கு வளவு கிணறு. ஒரு இடத்திலை தாட்டால் அந்த ஊத்தை எந்தக் கிணத்திலை போய் ஊறும் எண்டு சொல்லேலாது. அதாலை தாக்கிற இடத்தை நீங்களா முடிவு செய்யாதேங்கோ, கால்நடை வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ.) சேந்து இடம் காட்ட வேணும், கிணத்திலையிருந்து தூரமா, மண் ஆழமான, மேடான இடமா. அப்பிடி இடம் இல்லாட்டி எரிக்கிறது தான், அதுகும் கொட்டிலுக்குக் கிட்டவா, பிணத்தை ஊர் கடத்தாமல், எலும்பு சாம்பலாகும் மட்டும். தாட்டால் மேலை சுண்ணாம்பு தூவி ஒரு மீற்றர் மண் போட்டு, நாய் கிண்டாமல் கல்லு அடுக்குங்கோ. உரப்பையிலை கட்டிக் கடலிலையோ வாய்க்காலிலையோ பத்தைக்கையோ எறியிறவை இருக்கினம், அவைக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.

பிறகு கழுவுறது. முதல் தண்ணி ஊத்தக் கூடாது, சாணி, பழைய தீன், குப்பை எல்லாத்தையும் காஞ்ச மாதிரியே சுரண்டி அள்ளி எரிக்க வேணும். கிடுகுக் கூரை, மரத் தடுப்பு, பலகைத் தொட்டி இதுகளைக் கழுவிச் சுத்தமாக்கேலாது, மரத்தின்ர வெடிப்புக்கை ரத்தம் ஊறியிருக்கும், எரிச்சு விடுங்கோ. பிறகு சவர்க்காரத் தண்ணி போட்டு பிறஷ்ஷாலை தேய்ச்சு, கழுவி, காய விட்டு, அதுக்குப் பிறகு தான் குளோரினோ சோடாவோ அடிச்சு அரை மணித்தியாலம் ஈரமா வைச்சிருக்கிறது. ஒரு கிழமை விட்டு இதையே திரும்ப ஒருக்கா. வாளி, மண்வெட்டி, கயிறு, தள்ளுவண்டிச் சில்லு, மோட்டச்சைக்கிள் ரயர், கடைசியா உங்கட பூட்ஸும். கயிறைக் கழுவாதேங்கோ, எரியுங்கோ, புதுக் கயிறு பெரிய காசில்லை.

அதுக்குப் பிறகு குறைஞ்சது 40 நாள் கொட்டில் வெறுமையாக் கிடக்க வேணும், வெயில் வடிவாப் படட்டும். டொக்டர் சரி சொன்னால் எடுத்த உடனை முழுக் கொட்டிலையும் நிரப்பாமல் ரெண்டு மூண்டு குட்டியை மட்டும் விட்டு, அதுகளை எல்லா மூலைக்கும் போக விட்டு, இன்னுமொரு 40 நாள் ஒவ்வொரு நாளும் சூடு பாத்து கொப்பியிலை எழுதுங்கோ. ஒண்டு சாப்பாட்டை மறுத்தாலும் மறுபடி போன். ஒண்டும் நடக்காட்டி, அந்தக் குட்டியளிலை ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லிக் கேட்டு, மறுமொழி வந்த பிறகு மிச்சத்தை ஒரே ஒரு நம்பிக்கையான பண்ணையிலையிருந்து எடுங்கோ, நாலு இடத்திலை கலந்து வாங்காதேங்கோ.